பிள்ளை முதலில் நம்மைச் சோதித்துப் பார்க்கும்

கேள்வி இதுதான்: மகளுக்கு ஏழு வயது, மகனுக்குப் பதினொன்று. இரண்டு பேருக்கும் பள்ளியில் குட் டச், பேட் டச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், வீட்டிலும் ஒரு வீடியோ போட்டுக் காட்டியாயிற்று. ஆனால் நிஜமாகவே ஏதாவது நடந்தால் எங்களிடம் வந்து சொல்வார்களா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு மட்டும் செய்திருந்தால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். பள்ளிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் பதினாறு வருடமாக என் வேலை. பாலியல் சீண்டலுக்கு ஆளாகி என்னிடம் வந்த பிள்ளைகளில் 'இது தப்பு' என்று தெரியாமல் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தப்பு என்று நன்றாகத் தெரிந்தும் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தவர்களே அதிகம். ஏன் என்று கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். அம்மா அழுவாங்க, அப்பா அடிப்பாரு, என்னை ஸ்கூலை விட்டு நிறுத்திடுவாங்க, யாரும் நம்ப மாட்டாங்க. ஆக, பிள்ளைக்குப் பாடம் தெரியாததல்ல பிரச்சினை. சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று அது ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது, அதுதான் பிரச்சினை.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி எடுத்தது. அதில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவே இல்லை. இன்னொரு விஷயம், நிறைய அப்பாக்கள் நம்ப மறுப்பது: ஆளானவர்களில் ஆண் பிள்ளைகள்தான் பாதிக்குச் சற்று மேல். செய்தவர்கள் யார் என்று பார்த்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் வெளியிடும் புள்ளிவிவரத்தில் பாலியல் வன்கொடுமைக்கான போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள்தான். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் சார், வேன் டிரைவர், சில வீடுகளில் அப்பாவேகூட. 'தெரியாதவங்க சாக்லேட் குடுத்தா வாங்காதே' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோமே, அது மீதி கொஞ்சத்துக்குத்தான் உதவும்.

சரி, பிள்ளைகள் எப்படித்தான் சொல்கிறார்கள்? யாரும் வந்து உட்கார்ந்து 'அம்மா, எனக்கு இப்படி நடந்தது' என்று முழுசாகச் சொல்வதில்லை. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டைப் போட்டுப் பார்ப்பார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், மூன்று வாரம் தொடர்ந்து வீட்டில் ஒரே கேள்வி கேட்டிருக்கிறான், 'ஆட்டோவ மாத்தலாமா?' என்று. அம்மா, ஆட்டோவில் எட்டுப் பிள்ளைகளை அடைக்கிறார்கள், நசுங்குகிறான் போல என்று நினைத்து, 'அடுத்த வருஷம் வேன் வச்சுக்கலாம்டா' என்றிருக்கிறார். அப்புறம், 'நான் பின்னாடி உக்காந்துக்கவா?' என்று கேட்டிருக்கிறான். 'எங்க உக்காந்தா என்ன, போய் சேந்தா சரி.' அதோடு விட்டுவிட்டான். என்னிடம் வந்தபோதும் அவன் தொடங்கியது ஆட்டோவில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஓர சீட்டைப் பற்றித்தான். அந்த அம்மாவைக் குறை சொல்லவே மாட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரே விஷயத்தைப் பிள்ளை இரண்டாம் தடவை கேட்டால் கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'ஏன் கண்ணா, பின்னாடி உக்காந்தா என்ன வித்தியாசம்?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அந்த அமைதி ரொம்ப முக்கியம். நாம்தான் இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படி வரும் துண்டுகள் வேறு என்னென்ன? 'டியூஷன் போர் அடிக்குது', 'பாட்டி வீட்டுக்கு நான் வரலை', ஞாயிறு ராத்திரி மட்டும் வரும் வயிற்று வலி, திடீரென்று படுக்கையில் மூத்திரம், 'என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு இப்படி ஆச்சாம்.' இந்தக் கடைசி ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஃப்ரெண்டு நிஜமாகவே ஃப்ரெண்டாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் நீங்கள் அந்த ஃப்ரெண்டைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்பதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. வயிற்று வலி என்றாலே இதுதான் என்று பயந்துவிடவும் வேண்டாம், பாதி நேரம் அது கணக்குப் பரீட்சை. திரும்பத் திரும்ப, குறிப்பிட்ட ஒரு ஆளையோ இடத்தையோ ஒட்டியே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தச் சோதனையில் நாம் எங்கே தோற்கிறோம் தெரியுமா? அந்தப் பேச்சு வரும் நாளில் அல்ல, அதற்கு ரொம்ப முன்னால். டிவியில் ஒரு செய்தி ஓடுகிறது, ஹாலில் நாலு பெரியவர்கள். 'அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை?' என்கிறார் ஒருவர். 'இத்தனை நாளா சொல்லாம இப்ப வந்து சொல்றா பாரு' என்கிறார் இன்னொருவர். மூலையில் பிள்ளை ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த நிமிடத்தில் அது கற்றுக்கொள்ளும் பாடத்தைப் பத்து விழிப்புணர்வு வீடியோ போட்டாலும் அழிக்க முடியாது. அதேபோல, தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்தால் முதுகில் ரெண்டு வைக்கிற வீட்டில், இதைவிடப் பெரிய ஒன்றைப் பிள்ளை எப்படிக் கொண்டுவரும்? பாட்டில் தொலைந்ததைத் தானாக வந்து சொன்னால், 'சரி, வந்து சொன்னியே, அது நல்லது, எங்க விட்டேன்னு யோசி' என்று முடியட்டும். பிள்ளையைக் கெடுப்பதாக உங்கள் மாமியார் சொல்லலாம். சொல்லட்டும்.

அடுத்து வார்த்தைகள். நம் வீடுகளில் பிள்ளையின் அந்தரங்க உறுப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 'ஷேம் ஷேம்.' உறுப்பின் பெயரே வெட்கம். ஜட்டி போடாமல் ஓடினால் 'ஷேம் ஷேம் பப்பி ஷேம்' என்று வீடே சிரிக்கும். பிறகு அதே பிள்ளை ஐந்து வயதில் வந்து, அந்த இடத்தில் ஒருத்தர் கை வைத்தார் என்று வெட்கப்படாமல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு யுகேஜி குழந்தை தன் மிஸ்ஸிடம் 'அண்ணா என் பிஸ்கட்டைத் தொட்டான்' என்று சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் அதற்கு வைத்த செல்லப் பெயர் பிஸ்கட். மிஸ், 'ஷேர் பண்ணிச் சாப்பிடணும்மா' என்று அனுப்பிவிட்டார். ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்பு, பின்பக்கம் என்று சொல்லிக்கொடுங்கள், கை கால் மூக்கு சொல்லிக்கொடுக்கும் அதே குரலில், குளிக்க வைக்கும்போதே. கூச்சமாக இருக்கிறதா, உச்சா போகிற இடம், ஆய் போகிற இடம் என்றாவது சொல்லுங்கள். வெளி ஆளுக்குப் புரிகிற வார்த்தையாக இருந்தால் போதும்.

குட் டச், பேட் டச் என்ற பிரிப்பிலேயே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கெட்ட தொடுதல் என்றால் வலிக்கும், பயமாக இருக்கும் என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. நடைமுறையில் இதைச் செய்கிற ஆள் முதலில் வலிக்கிற மாதிரி எதுவும் செய்வதில்லை. போனில் கேம் விளையாடக் கொடுப்பான், பரோட்டா வாங்கித் தருவான், அப்பா திட்டினால் பிள்ளைக்குப் பரிந்து பேசுவான், வீட்டில் எல்லோருக்கும் நல்லவன். கிச்சுகிச்சு மூட்டுவதில் தொடங்கும். பிள்ளைக்கு அது பிடித்தும் இருக்கலாம். பிறகு எல்லை தாண்டும்போது, 'நானும்தானே சிரிச்சேன், நானும்தானே போனை வாங்குனேன்' என்ற குற்ற உணர்ச்சி பிள்ளையின் வாயைக் கட்டிவிடும். அதனால் தொடுதல் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டாமல் விதியாகச் சொல்லுங்கள்: சுத்தம் செய்யவோ, உடம்பு சரியில்லாமல் டாக்டர் பார்க்கவோ தவிர (அதுவும் அம்மா, அப்பா பக்கத்தில் இருக்கும்போது) உன் ஜட்டிக்குள் யாரும் பார்க்கவும் கூடாது, தொடவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது, அவர்களுடையதைப் பார்க்கவோ தொடவோ உன்னைச் சொல்லவும் கூடாது. உனக்குப் பிடித்திருந்தாலும் சரி, அவர் உனக்கு எது வாங்கிக் கொடுத்திருந்தாலும் சரி, வந்து சொல். தப்பு உன் மேல் இல்லை. இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தையும் பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்வதே இல்லை.

ரகசியம் பற்றியும் ஒரு விதி வேண்டும். அப்பாவின் பிறந்த நாளுக்குச் சட்டை வாங்கி ஒளித்து வைப்பது சரி, ஏனென்றால் அது ஒரு நாள் எல்லோருக்கும் தெரியப்போகிறது. யாருக்குமே, எப்போதுமே சொல்லக் கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை உடனே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 'ஐஸ்க்ரீம் சாப்பிட்டதை அப்பாகிட்ட சொல்லிடாத' என்று நீங்களே ஆரம்பித்தால் கதை முடிந்தது.

அப்புறம் நம்மூர்ப் பழக்கம் ஒன்று. ஊரிலிருந்து உறவுக்காரர் வருவார், 'மாமாவுக்கு முத்தம் குடு' என்போம். பிள்ளை அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். 'குடுடி, மாமா கோவிச்சுக்குவார்.' இதில் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதற்காக என் உடம்பைக் கொடுக்க வேண்டும் என்று. வணக்கம் சொன்னால் போதும், மரியாதை கெட்டுவிடாது. மாமா முகம் சுருங்கினால் நீங்கள் சமாளித்துக்கொள்ளுங்கள், பிள்ளையை விட்டுச் சமாளிக்க வைக்காதீர்கள்.

இனி முக்கியமான இடம். பிள்ளை வந்து சொல்லியேவிட்டது. முதல் ஐந்து நிமிடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. உங்களுக்கு உள்ளே பற்றி எரியும், கை நடுங்கும். இருந்தாலும் 'ஐயோ' என்று தலையில் அடித்துக்கொண்டால் பிள்ளை அந்த நொடியே நிறுத்திவிடும், சில சமயம் 'இல்லம்மா, சும்மா சொன்னேன்' என்று பின்வாங்கிவிடும். அப்படிப் பின்வாங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துப் பொய் என்று முடிவு கட்டிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: 'நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்ல. இனிமே நான் பாத்துக்கறேன்.' சொல்லக் கூடாததில் முதலாவது, 'ஏன் அப்பவே சொல்லல?' அக்கறையில்தான் கேட்கிறோம், பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியமும் செய்யாதீர்கள், சொல்லத்தான் வேண்டியிருக்கும். 'உன்னைக் காப்பாத்துறதுக்கு யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்' என்று சொல்லுங்கள், அது உண்மை.

நோண்டி நோண்டிக் கேட்காதீர்கள். யார், எங்கே, எப்போது என்பது தானாக வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். 'அங்க தொட்டானா, இப்படிச் செஞ்சானா' என்று நீங்கள் வாயில் வார்த்தையைப் போட்டால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில், பிஸ்கட் என்றால் பிஸ்கட் என்றே, அன்று ராத்திரியே தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். போனில் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். குழந்தையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரிகிற எதையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம், பெற்றவராகவே இருந்தாலும். அந்தப் படம் ஒரு தடவை வெளியே போனால் திரும்பி வராது. சமீபத்தில், அதாவது ஒன்றிரண்டு நாளுக்குள் நடந்ததென்றால் குளிக்க வைக்காமல், உடையைத் துவைக்காமல் ஒரு காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எஃப்ஐஆர் போட்டிருக்க வேண்டும் என்றில்லை, அதற்கு முன்னாலேயே பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தை என்றால் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம்.

'போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறதா?' என்ற பயம்தான் பாதி வீடுகளைத் தடுக்கிறது. 2012ல் வந்த போக்சோ சட்டம் இதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வைத்து வாங்க வேண்டும். முடிந்தவரை எஸ்ஐ பொறுப்புக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். ராத்திரி எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும், குற்றவாளியின் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை. குழந்தைகள் நலக் குழு மூலம் ஒரு துணை நபரையும் கேட்டு வாங்கலாம், வழக்கு முடியும்வரை அவர் கூட வருவார். ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் இழுக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் இந்த வழக்குகளைப் பார்ப்பார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு முதலில் பேசுங்கள், இருபத்துநான்கு மணி நேரமும் காசில்லாமல். 1996ல் மும்பையில் தொடங்கிய சேவை, 2023லிருந்து அரசே நடத்துகிறது. பிள்ளைகளுக்கு எண்ணைச் சொல்லிக்கொடுப்பதும் சுலபம்: பத்து, ஒன்பது, எட்டு. பள்ளிக்கல்வித் துறையின் 14417ம் இருக்கிறது.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. சட்டத்தின் 19ஆம் பிரிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும், பெற்றவர், ஆசிரியர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் உட்பட. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைமையில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரைக் காப்பாற்ற மறைத்தால் ஒரு வருடம் வரை. 'ஸ்கூல் பேர் கெட்டுடும், நாங்களே பேசித் தீத்துக்கறோம்' என்று ஒரு தலைமையாசிரியர் உங்களிடம் சொன்னால் இந்தப் பிரிவை நினைவுபடுத்துங்கள். நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவர் மேல், பின்னால் நிரூபணமாகாவிட்டாலும், வழக்குப் போட முடியாது. குடும்பப் பஞ்சாயத்தும் வேண்டாம். மாமாவை வரச் சொல்லி, நாலு பேர் கூடி, காலில் விழ வைத்து முடித்துவிடுவார்கள். அடுத்த பொங்கலுக்கு அதே மாமா அதே பந்தியில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறையை எழுதிப் போட 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்தார்கள், நல்ல யோசனைதான். ஒரு பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறைக் கதவுக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தார்கள். ஆறு மாதத்தில் மூன்று சீட்டு, மூன்றும் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று. பெட்டியை மாடிப்படி திருப்பத்துக்கு மாற்றிய பிறகு வந்த சீட்டுகள் வேறு மாதிரி இருந்தன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது எங்கே தொங்குகிறது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு நடை போய்ப் பாருங்கள்.

உங்கள் மகனைப் பற்றித் தனியாக ஒன்று. பதினொரு வயதுப் பையனை எதிரே உட்கார வைத்து 'உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்' என்றால் அவன் காது அப்போதே மூடிவிடும். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது பேசுங்கள், முகம் பார்க்க வேண்டியதில்லை, அவனுக்கும் அதுதான் சௌகரியம். 'ஆம்பளப் பசங்களுக்கும் இப்படி நடக்கும், அதனால ஆம்பளத்தனம் ஒண்ணும் போயிடாது' என்று அவன் அப்பா வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், நீங்கள் சொல்வதைவிட அது ஏறும். ஆன்லைன் கேமில் பழக்கமான ஒருவன் படம் கேட்டு, அனுப்பிய பிறகு மிரட்டுவது இந்த வயதில் ஆரம்பிக்கிறது. அதைப் பையன்கள் மறைப்பதற்கு ஒரு பெரிய காரணம், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதுதான். 'என்ன ஆனாலும் வந்து சொன்னதுக்காகப் போனைப் பிடுங்க மாட்டேன்' என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும்.

யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். சென்னை அயனாவரத்தில் 2018ல் வெளிவந்த சிறுமி பாலியல் வன்கொடுமை வழக்கு நினைவிருக்கும், அந்தக் கொடுமை மாதக்கணக்கில் நடந்தது, கடைசியில் அந்தச் சிறுமி சொன்னது வெளியூரிலிருந்து வந்த அக்காவிடம். 2020ல் பதினைந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. அம்மாவிடம்தான் வர வேண்டும் என்று சட்டமில்லை. கையைத் தாளில் வைத்து வரையச் சொல்லி, ஒவ்வொரு விரலிலும் ஒரு பெரியவர் பெயர் எழுதச் சொல்வேன். வீட்டுக்கு வெளியே ஒருவராவது இருக்க வேண்டும், ஏனென்றால் செய்கிறவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். முதல் விரல் நம்பாவிட்டால் அடுத்த விரல், அதுவும் நம்பாவிட்டால் அடுத்தது, ஒருவர் கேட்கும்வரை.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படி வரைந்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கட்டை விரலில் பக்கத்து வீட்டு ஆயா, அடுத்து வகுப்பு மிஸ், அடுத்து அத்தை. அம்மா சுண்டு விரலில். மறுநாள் அந்த அம்மா முகம் வாடிப்போய் வந்தார், நான் என்ன குறை வைத்தேன் என்று. அவளிடமே கேளுங்கள், ஆனால் கோபமாகக் கேட்காதீர்கள் என்றேன். கேட்டிருக்கிறார். 'நீதான் ஜுரம் வந்தாலே அழுவியே, அதான் கடைசில போட்டேன்' என்றாளாம்.